நாற்பது டேப், ஐந்நூறு புக்மார்க்: எந்த உலாவி தாங்கும்?

"எந்த பிரவுசர் நல்லது அண்ணே?" மலேசியாவின் சுங்கை சிப்புட் பட்டணத்தில் கணினி பழுது பார்ப்பவர்களிடமும், பாரம் (விண்ணப்பப் படிவம்) நிரப்பித் தருகிற கடைகளிலும் அடிக்கடி விழும் கேள்வி இது. "குரோம் போடுங்க, அதான் வேகம்" என்று பதில் வரும். வேகத்தை வைத்து உலாவியைத் தேர்ந்தெடுத்த காலம் போய்விட்டது. குரோம், எட்ஜ், ஓபரா, விவால்டி, பிரேவ் எல்லாவற்றுக்குள்ளும் ஓடுவது குரோமியம் என்ற ஒரே இயந்திரம். ஃபயர்பாக்ஸும் ஆப்பிளின் சஃபாரியும் தனி இயந்திரம் வைத்திருக்கின்றன. ஒரு பக்கத்தைத் திறந்து காட்டுவதில் இவற்றுக்கிடையே நம் கண்ணுக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது. நாற்பதாவது டேப்பைத் திறக்கும்போதும், போன வருடம் புக்மார்க் செய்த பக்கத்தைத் தேடும்போதும்தான் தெரியும்.

நம் ஊரில் யாருக்கு அவ்வளவு டேப் என்று நினைப்பவர்கள் மார்ச், ஏப்ரலில் ஒரு தமிழ்ப்பள்ளி ஆசிரியரின் திரையைப் பார்க்க வேண்டும். கல்வி அமைச்சின் கற்றல் தளமான டெலிமா ஒரு டேப்பில், அதன் வழியே திறந்த கூகுள் கிளாஸ்ரூம் இன்னொன்றில், மாணவர் வருகையைப் பதியும் அமைச்சின் தளம், யாரோ அனுப்பி இன்றைக்குள் நிரப்பச் சொன்ன கூகுள் ஷீட், பாடத்துக்குத் தேடிய படங்கள், பாதி பார்த்த காணொளி. வருமான வரி கட்டும் காலம் என்பதால் மைடேக்ஸ் வேறு. எஸ்பிஎம் (ஐந்தாம் படிவத் தேர்வு) முடித்த பிள்ளை இருக்கும் வீட்டில் பல்கலைக்கழக விண்ணப்பத்துக்கு யுபியு, மெட்ரிகுலேஷன், பாலிடெக்னிக், கல்விக்கடனுக்கு பிடிபிடிஎன் என்று இன்னொரு வரிசை. பழைய கதைகளைத் தேடுகிறவர்களும் இங்கே உண்டு. 1948 ஜூன் 16-இல் சுங்கை சிப்புட் தோட்டங்களில் மூன்று ஐரோப்பியத் தோட்ட அதிகாரிகள் சுட்டுக்கொல்லப்பட்டு அவசரகாலம் பிறந்த கதையையோ, துன் வீ.தி. சம்பந்தன் 1960-இல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தின் கதையையோ படிக்க உட்கார்ந்தால், சிங்கப்பூர் தேசிய நூலக வாரியம் இணையத்தில் ஏற்றி வைத்திருக்கும் பழைய ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் பக்கங்களே ஒரு ராத்திரியில் இருபது டேப் ஆகிவிடும்.

இவர்கள் எல்லாருக்கும் நான் கேட்கச் சொல்லும் கேள்வி ஒன்றுதான்: மூடிவைத்த ஒன்றை இந்த உலாவியில் எவ்வளவு சீக்கிரம் திரும்பக் கண்டுபிடிக்கலாம்? டேப் குவிவதற்குச் சோம்பேறித்தனம் காரணம் என்று பலர் நினைக்கிறார்கள். 2021-இல் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் டேப்களைப் பற்றியே ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். மூடினால் அந்தப் பக்கம் திரும்பக் கிடைக்காமல் போய்விடும் என்ற பயமும் ஒரு காரணமாக அதில் வெளிப்பட்டது. டேப் அதிகமாகி உலாவியோ கணினியோ நின்றுபோனதாக அந்த ஆய்வின் ஒரு பகுதியில் கால்வாசிப் பேர் சொன்னார்கள். நின்றுபோகும் என்று தெரிந்தும் திறந்தே வைத்திருக்கிறார்கள் என்றால், புக்மார்க்கின்மேல் அவர்களுக்கு நம்பிக்கை இல்லை என்று அர்த்தம்.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை ஒரே வரியில் சொல்லிவிடலாம். டேப் வரிசை என்பது காலைப் பெரட்டு (வேலைக்குப் போகுமுன் ஆட்கள் வரிசையில் நிற்பது), புக்மார்க் என்பது கிராணியின், அதாவது தோட்டக் கணக்கரின், செக்ரோல் (பெயர்ப் பதிவேடு). இன்றைக்கு வேலைக்குப் போகிறவர்கள் மட்டும் பெரட்டில் நின்றால் போதும், மற்றவர்களின் பெயர் செக்ரோலில் பத்திரமாக இருக்கும். செக்ரோல் சரியில்லாத இடத்தில்தான் எல்லாரும் பெரட்டுக்கு வந்து நிற்க வேண்டியிருக்கிறது.

கிடைமட்ட வரிசையின் கதை

டேப் என்ற ஏற்பாடு 1990-களிலேயே சில சிறிய உலாவிகளில் இருந்தது. நார்வேயின் ஓபரா அப்போதே ஒரே சன்னலுக்குள் பல பக்கங்களைத் திறக்கவிட்டது. ஆனால் சைபர் கபே காலத்தில் நம்மில் பெரும்பாலோர் பார்த்தது இண்டர்நெட் எக்ஸ்புளோரர் 6. 2001-இல் வந்த அதில் டேப் கிடையாது. ஒவ்வொரு பக்கமும் தனிச் சன்னலாகத் திறந்து, திரையின் அடியில் வரிசைகட்டி நிற்கும். 2004 நவம்பரில் ஃபயர்பாக்ஸ் 1.0 டேப்களோடு வந்து மக்களை இழுத்த பிறகு, 2006-இல் வந்த ஏழாம் பதிப்பில்தான் மைக்ரோசாஃப்ட் டேப்பைக் கொடுத்தது.

மேலே கிடைமட்டமாக ஓடும் அந்த வரிசை, ஐந்தாறு பக்கம் திறந்த காலத்தில் போடப்பட்ட கணக்கு. இருபது ஆனதும் ஒவ்வொரு டேப்பும் விரல் அகலத்துக்குச் சுருங்கி, தலைப்பின் முதல் இரண்டு சொல் மட்டும் தெரியும். ஆங்கிலப் பக்கங்களுக்கே இது தொல்லை, நமக்கு இரட்டைத் தொல்லை. பல மலேசிய அரசு அகப்பக்கங்களின் தலைப்பு 'போர்ட்டல் ரஸ்மி' என்றோ 'லாமான் வெப் ரஸ்மி' என்றோ (மலாயில் அதிகாரபூர்வத் தளம் என்று பொருள்) தொடங்கும். எந்த இலாகா என்ற சொல் அதற்கு அப்புறம்தான் வரும், அதுவோ வெட்டுப்பட்டுப் போயிருக்கும். நான்கு இலாகாவைத் திறந்து வைத்திருப்பவருக்கு நான்கு 'போர்ட்டல் ரஸ்மி' தெரியும். தமிழ்ச் சொற்களும் நீளம். 'கூட்டுறவுச் சங்கத்தின்' என்ற இரண்டு சொல்லே டேப்பை அடைத்துவிடும்.

இதனால்தான் செங்குத்து டேப்புக்கு நான் இவ்வளவு மதிப்பு கொடுக்கிறேன். டேப்களை இடப்பக்கம் மேலிருந்து கீழாக அடுக்கினால், ஒவ்வொன்றுக்கும் ஒரு முழு வரி கிடைக்கிறது. முப்பது டேப் இருந்தாலும் முப்பது தலைப்பையும் படிக்கலாம். இப்போது விற்கும் மடிக்கணினித் திரைகள் அகலமானவை, பக்கவாட்டில் இடம் வீணாகத்தான் கிடக்கிறது. விவால்டி 2016-இல் முதல் பதிப்பு வந்தபோதே இந்த வசதியைக் கொடுத்தது. எட்ஜில் 2021 மார்ச்சிலும், பிரேவில் 2023-லும், ஃபயர்பாக்ஸில் 2025 மார்ச்சிலும் வந்தது. குரோம் இதில் பல வருடம் பின்தங்கி நின்றது. எட்ஜ் ஏற்கெனவே இருக்கும் விண்டோஸ் கணினி என்றால், எதையும் புதிதாகப் போடாமல் இன்றைக்கே டேப் வரிசையின் மேல் சுட்டியின் வலது பொத்தானை அழுத்தி, செங்குத்து டேப்பை இயக்கிப் பார்க்கலாம். ஒரு வாரம் பழகினால் போதும், பிறகு மேலே உள்ள வரிசைக்குத் திரும்பத் தோன்றாது.

அடுத்தது குழு. குரோம் 2020-இல் டேப்களை வண்ணக் குழுக்களாகக் கட்ட வழி செய்தது, அடுத்த வருடமே சஃபாரிக்கும் வந்தது. ஃபயர்பாக்ஸின் கதை இதில் வேடிக்கையானது. 2011-இல் நான்காம் பதிப்பிலேயே டேப்களைக் குழுவாகப் பரப்பிப் பார்க்கும் வசதி அதில் இருந்தது. பயன்படுத்துவோர் குறைவு என்று 2016-இல் எடுத்துவிட்டார்கள். கேட்டுக்கேட்டு ஒன்பது வருடம் கழித்து, 2025 ஏப்ரலில்தான் டேப் குழு திரும்பி வந்தது. விவால்டி இந்த விஷயத்தில் எல்லாரையும் விட முன்னே போய்விட்டது. ஒரு டேப்பின் மேல் இன்னொன்றை இழுத்துப் போட்டால் அடுக்காகும். 2021-இலிருந்து அந்த அடுக்கை இரண்டாவது வரிசையாக விரித்துப் பார்க்கலாம். 2023-இல் வேலைக்களங்கள் வந்தன: பள்ளிக்கூட வேலைக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டால், ஒன்றில் இருக்கும்போது மற்றதன் டேப்கள் கண்ணிலேயே படாது. ஓபராவை நிறுவியவர்களில் ஒருவரான யோன் வோன் டெட்ஸ்னர்தான் விவால்டியையும் தொடங்கினார். 2013-இல் ஓபரா தன் சொந்த இயந்திரத்தை விட்டுக் குரோமியத்துக்கு மாறியபோது தொலைந்துபோன பழைய வசதிகளை விவால்டியில் மறுபடி பார்க்கலாம்.

டேப்பைத் தேடும் வழியையும் கையோடு கற்றுக்கொள்ளுங்கள். குரோமிலும் எட்ஜிலும் கண்ட்ரோல், ஷிஃப்ட், ஏ மூன்றையும் சேர்த்து அழுத்தினால் திறந்திருக்கும் டேப்களைத் தேடும் பெட்டி வரும். ஃபயர்பாக்ஸில் முகவரிப் பெட்டியில் % குறி போட்டு, ஓர் இடைவெளி விட்டு, தலைப்பில் உள்ள ஒரு சொல்லைத் தட்டினால் போதும். விவால்டியில் எஃப்2. தவறி மூடிய டேப்பைத் திரும்பக் கொண்டுவர எல்லாவற்றிலும் கண்ட்ரோல், ஷிஃப்ட், டி (T). இந்தக் கடைசி வழி தெரிந்ததுமே பாதிப் பேருக்கு மூடுகிற பயம் குறைந்துவிடுகிறது.

நினைவகமும் நம் ஊர் இணைய லைனும்

2008 செப்டம்பரில் குரோம் வந்தபோது அதன் பெருமையே, ஒவ்வொரு டேப்பையும் தனி வேலையாக ஓட்டுவதுதான். ஒரு பக்கம் செத்தாலும் மற்றவை உயிரோடு இருக்கும். இதற்கு விலை நினைவகம் (ராம்). 2018 தொடக்கத்தில் ஸ்பெக்டர், மெல்ட்டவுன் என்ற ஓட்டைகள் கணினிச் சிப்புகளிலேயே இருப்பது வெளியானது. ஒரு தளத்தின் தகவலை இன்னொரு தளம் எட்டிப் பார்த்துவிடாமல் இருக்க, அதே வருடம் குரோம் ஒவ்வொரு தளத்தையும் தனித்தனியாகப் பிரித்து ஓட்டத் தொடங்கியது. இதற்கு நினைவகம் 10 முதல் 13 விழுக்காடு கூடுதலாகச் செலவாகும் என்று கூகுளே சொன்னது. வங்கிக் கணக்கும் கண்ட கண்ட தளமும் பக்கத்துப் பக்கத்து டேப்பில் இருக்கும் நமக்கு அந்தப் பாதுகாப்பு வேண்டியதுதான். ஆனால் 4 ஜிபி நினைவகம் உள்ள பழைய மடிக்கணினி அதைத் தாங்காது. அப்படிப்பட்ட கணினியில் உலாவியை மாற்றிப் பலனில்லை. முடிந்தால் நினைவகத்தை 8 ஜிபி ஆக்குங்கள், முடியாவிட்டால் டேப்பைக் குறையுங்கள்.

உலாவிகள் இதற்குக் கண்டுபிடித்த வழி, தொடாத டேப்பைத் தூங்க வைப்பது. எட்ஜ் 2021-இலிருந்து இதைச் செய்கிறது, வழக்கமாக இரண்டு மணி நேரம் தொடாவிட்டால் டேப் தூங்கும். குரோமில் நினைவகச் சேமிப்பு 2022 கடைசியில் வந்தது. விண்டோஸில் ஃபயர்பாக்ஸ் 2021-இலிருந்து நினைவகம் தீரும்போது தானாக டேப்களை இறக்குகிறது, 2025 நடுவிலிருந்து நாமே ஒரு டேப்பைத் தேர்ந்து இறக்கலாம். ஃபயர்பாக்ஸில் எனக்குப் பிடித்த இன்னொன்று உண்டு. மூடித் திறந்து பழைய டேப்களை மீட்கும்போது, நாம் தொடும் டேப்பை மட்டும்தான் அது ஏற்றும். மற்றவை பெயரளவில் நிற்கும். நூறு டேப் வைத்திருப்பவருக்கு இது பெரிய உபகாரம்.

ஆனால் செம்பனைக்கு நடுவே குடியிருப்பவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. முழுதாக இறக்கப்பட்ட டேப்பைத் தொட்டால், உலாவி அந்தப் பக்கத்தை இணையத்திலிருந்து மறுபடி எடுத்து வர வேண்டும். சாயங்கால மழையில் லைன் போயிருந்தால் வெறும் பக்கம்தான் வரும். மாநகரத்தில் உட்கார்ந்து இதை வடிவமைத்தவர்களுக்கு அது பிரச்சினையாகத் தெரிந்திருக்காது. ஆகவே கட்டாயம் வேண்டிய பக்கங்களை, அதாவது விண்ணப்ப வழிகாட்டி, கட்டண ரசீது, பாடத்திட்டம் போன்றவற்றை டேப்பாக விட்டுவைக்காதீர்கள். கண்ட்ரோல், பி (P) அழுத்தி பிடிஎஃப் ஆகச் சேமியுங்கள். உள்நுழைந்து பார்க்கும் பக்கங்களுக்கும் இதே கதிதான். கேடபிள்யூஎஸ்பி (ஊழியர் சேமநிதி) கணக்கையோ வங்கியையோ டேப்பில் திறந்துவைத்து மறுநாள் திரும்பினால், நேரம் முடிந்தது என்று வெளியே தள்ளிவிடும். உள்ளே இருக்கும் பக்கத்தை புக்மார்க் செய்தாலும் பிழைச் செய்திதான் வரும். நுழைவாயில் பக்கத்தைத்தான் புக்மார்க் செய்ய வேண்டும்.

தூங்க வைக்கும் வேலையைச் செய்யும் நீட்சிகளை (எக்ஸ்டென்ஷன்)த் தேடிப் போகவும் இப்போது அவசியம் இல்லை. கிரேட் சஸ்பெண்டர் என்ற குரோம் நீட்சியை 20 லட்சம் பேர் வரை பயன்படுத்தினார்கள். 2020-இல் அது கைமாறியது. 2021 பிப்ரவரியில் தீங்கான நிரல் இருப்பதாகக் கூகுள் அதை முடக்கியது, தூங்கிக்கொண்டிருந்த டேப்களைப் பலர் இழந்தார்கள். எல்லா டேப்களையும் படிக்கும் அனுமதியை முன்பின் தெரியாதவருக்குக் கொடுக்குமுன் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு கணக்கு உள்ளவர்கள்

ஆசிரியர்களுக்கு இதுதான் தினசரித் தலைவலி. டெலிமாவுக்கு அமைச்சு கொடுத்த கூகுள் கணக்கு ஒன்று, சொந்த ஜிமெயில் ஒன்று. ஒரே சன்னலில் இரண்டிலும் நுழைந்திருந்தால், மேலிடத்திலிருந்து வந்த ஷீட்டைத் திறக்கும்போது சொந்தக் கணக்கு முன்னே வந்து நின்று "உங்களுக்கு அனுமதி இல்லை" என்கும். குரோமிலும் எட்ஜிலும் இதற்கு புரொஃபைல் என்ற தீர்வு உண்டு. பள்ளிக்கூடத்துக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று. இரண்டுக்கும் தனித்தனிச் சன்னல், தனி புக்மார்க், தனிக் கடவுச்சொல். சுத்தமான ஏற்பாடு, ஆனால் சன்னல் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஃபயர்பாக்ஸில் மொஸில்லாவே தரும் மல்டி அக்கவுண்ட் கண்டெய்னர்ஸ் என்ற நீட்சியைப் போட்டால், ஒரே சன்னலில் ஒரு டேப் பள்ளிக் கணக்கோடும் பக்கத்து டேப் சொந்தக் கணக்கோடும் இருக்கும். எது எது என்று வண்ணக் கோடு காட்டும். கிளாஸ்ரூம் எப்போதும் பள்ளிக் கணக்கில்தான் திறக்க வேண்டும் என்று ஒருமுறை சொல்லிவைத்தால் அப்படியே செய்யும். கணக்குகளைப் பிரிப்பதில் இதற்கு ஈடாக வேறு உலாவியில் எதையும் நான் பார்க்கவில்லை.

நாடி மையம் போன்ற பொது இடத்துக் கணினியில் உட்காருபவர்கள் விருந்தினர் சன்னலையோ தனிப்பட்ட சன்னலையோ திறந்து வேலை பார்த்து, முடிந்ததும் மூடிவிட வேண்டும். அங்கே சொந்தக் கணக்கில் ஒத்திசைவை (சிங்க்) இயக்கினால், உங்கள் புக்மார்க்கும் கடவுச்சொல்லும் அந்தக் கணினிக்கு இறங்கிவிடும்.

புக்மார்க்: பெயர் ஒரு மொழியில், நினைவு இன்னொரு மொழியில்

உலாவியைத் தேர்ந்தெடுப்பதில் பலர் கவனிக்காமல் விடும் பகுதி இதுதான். பக்கத்தின் தலைப்பு மலாயில் இருக்கும். அதை நாம் நினைவு வைத்திருப்பது தமிழில். தேடும்போது கைக்கு வருவதோ ஆங்கில எழுத்து. மடிக்கணினியின் விசைப்பலகை ஆங்கிலத்தில்தானே இருக்கிறது. அப்பாவுக்குத் தோட்டத்தில் அடிபட்டபோது தேடிப் பிடித்த பெர்கேசோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) பக்கத்தை, 'போர்ட்டல் ரஸ்மி' என்ற பெயரிலேயே புக்மார்க் செய்து வைத்தால், ஆறு மாதம் கழித்து "விபத்து பாரம்" என்று தேடும்போது எப்படிக் கிடைக்கும்?

ஃபயர்பாக்ஸ் இதற்கு 2008 ஜூனில் வந்த மூன்றாம் பதிப்பிலேயே விடை வைத்திருந்தது. புக்மார்க்குகளை அது ஒரு தரவுத்தளத்தில் வைத்து, டேக் போட வழி செய்தது. கண்ட்ரோல், டி (D) அழுத்தினால் ஒரு சிறு பெட்டி விழும். பெயர் என்ற இடத்தில் 'போர்ட்டல் ரஸ்மி'யை அழித்துவிட்டு "பெர்கேசோ, வேலை விபத்து பாரம்" என்று எழுதுங்கள். டேக் என்ற இடத்தில் 'விபத்து', 'அப்பா' என்று தமிழில் இரண்டும், அதே சொற்களை ஆங்கில எழுத்தில் இரண்டும் காற்புள்ளி இட்டுப் போடுங்கள். அப்புறம் முகவரிப் பெட்டியில் எந்த மொழியில் எதைத் தட்டினாலும் அந்தப் பக்கம் மேலே வரும். புக்மார்க்கில் மட்டும் தேட முதலில் * குறி, டேக்கில் மட்டும் தேட + குறி. அடிக்கடி போகும் இடங்களுக்கு இரண்டு மூன்று எழுத்தில் சுருக்கச் சொல்லும் வைக்கலாம். பெட்டியில் அதைத் தட்டி எண்டர் அழுத்தினால் நேராகப் போய்விடும்.

குரோமில் டேக் கிடையாது. கோப்புறை மட்டும்தான். ஒரு பக்கத்தை 'வரி' கோப்புறையில் போடுவதா 'அப்பா' கோப்புறையில் போடுவதா என்று முடிவு செய்தாக வேண்டும், ஆறு மாதம் கழித்து அந்த முடிவு நினைவிருக்காது. முகவரிப் பெட்டியில் @ போட்டு புக்மார்க்ஸ் என்று தட்டித் தேடும் வசதி அதில் இருக்கிறது. ஆகவே குரோமில் இருப்பவர்கள் டேக்குக்குப் போட வேண்டிய சொற்களைப் பெயரிலேயே சேர்த்து எழுதிவிட வேண்டும். அழகாக இருக்காது, ஆனால் வேலை நடக்கும். எட்ஜும் ஏறக்குறைய இப்படித்தான், ஒரே பக்கம் இரண்டு முறை சேர்ந்திருந்தால் கண்டுபிடித்து நீக்கித் தருவது அதன் கூடுதல் வசதி. விவால்டியில் டேக் இல்லாவிட்டாலும் ஒவ்வொரு புக்மார்க்குக்கும் செல்லப்பெயரும் நீண்ட விவரிப்பும் எழுதலாம், தேடல் அந்த விவரிப்பையும் பார்க்கும்.

எடுத்துக்கொண்டு போக முடியுமா?

சேர்த்துவைத்ததை ஒருநாள் வெளியே எடுத்துக்கொண்டு போக முடியுமா என்பதைத் தொடக்கத்திலேயே பார்த்துவிட வேண்டும். இணையத்தில் புக்மார்க் சேர்க்கும் சேவைகளின் கதை நல்ல பாடம். 2003-இல் தொடங்கி டேக் போடுவதைப் பிரபலமாக்கிய டெலிஷஸை 2005-இல் யாஹூ வாங்கியது. பிறகு பல கை மாறி, 2017-இல் பின்போர்டு என்ற இன்னொரு புக்மார்க் சேவையிடம் போய், படிக்க மட்டும் முடிகிற தளமாயிற்று. கூகுள் புக்மார்க்ஸ் 2021 செப்டம்பரில் மூடப்பட்டது. பிறகு படிக்கலாம் என்று பலரும் சேர்த்துவைத்த பாக்கெட்டை மொஸில்லா 2025 ஜூலையில் நிறுத்தியது. உலாவிக்கும் இது நடக்கும். பக்கவாட்டு டேப்பைப் புது விதமாக அமைத்து 2023-இல் பேர் வாங்கிய ஆர்க்கை, அதன் நிறுவனம் இரண்டே வருடத்தில் ஓரம் கட்டிவிட்டு வேறு உலாவிக்குப் போனது. 2025 செப்டம்பரில் அந்த நிறுவனத்தையே 61 கோடி டாலருக்கு வாங்குவதாக அட்லாசியன் என்ற மென்பொருள் நிறுவனம் அறிவித்தது. ஆர்க்கில் வாழ்க்கையை அமைத்துக்கொண்டவர்கள் இடம் தேட வேண்டியதாயிற்று.

நல்ல வேளையாக, புக்மார்க்குக்குப் பொதுவான ஒரு கோப்பு வடிவம் இருக்கிறது. நெட்ஸ்கேப் 1990-களில் அமைத்தது. நெட்ஸ்கேப் 2008-இல் போய்விட்டது, ஆனால் இன்றைக்கு குரோமிலோ ஃபயர்பாக்ஸிலோ புக்மார்க்கை ஏற்றுமதி செய்து அந்தக் கோப்பைத் திறந்து பார்த்தால், முதல் வரியிலேயே நெட்ஸ்கேப் பெயர் இருக்கும். எல்லா உலாவியும் இதை எழுதும், எல்லா உலாவியும் படிக்கும். ஃபயர்பாக்ஸில் போட்ட டேக்குகள் மட்டும் குரோமுக்குப் போனால் விழுந்துவிடும். டேப் குழுக்களும் வேலைக்களங்களும் இந்தக் கோப்பில் போகாது, அவை அந்தந்த உலாவிக்குள்ளேயே கிடக்கும். நிலைத்து இருக்க வேண்டியதை டேப் குழுவில் வைக்கக்கூடாது என்று நான் சொல்வது இதற்காகத்தான். ஃபயர்பாக்ஸ் தானாகவே கடைசிப் பதினைந்து காப்புகள் வரை கணினிக்குள் சேர்த்து வைக்கும். தவறி ஒரு கோப்புறையை அழித்தாலும், நூலகச் சன்னலில் தேதியைத் தேர்ந்து மீட்கலாம்.

பக்கமே போய்விட்டால்? 2013-இல் இருந்த இணையப் பக்கங்களில் 38 விழுக்காடு பத்து வருடத்தில் காணாமல் போயிருந்ததாக பியூ ஆய்வு மையம் 2024-இல் சொன்னது. நம் நாட்டில் அமைச்சுகளைச் சேர்ப்பதும் பிரிப்பதும் வேறு நடக்கிறது. உயர்கல்வி அமைச்சு 2018-இல் கல்வி அமைச்சோடு சேர்க்கப்பட்டு 2020-இல் மறுபடி பிரிந்தது. இப்படி ஒவ்வொரு முறையும் பழைய முகவரிகள் அடிபடுகின்றன. தமிழ்ப் பத்திரிகைகளின் நிலை இன்னும் கவலைக்குரியது. 1924-இல் தொடங்கிய தமிழ் நேசன் 2019 பிப்ரவரி முதல் தேதியில் நின்றது. ஒரு பத்திரிகை நின்ற பிறகு அதன் அகப்பக்கத்துக்கு யார் கட்டணம் கட்டுவார்கள்? தோட்டங்கள், பள்ளிகள், கோயில்கள் பற்றி எங்கோ ஒருவர் எழுதிய பக்கம் கண்ணில் பட்டால், புக்மார்க் செய்வதோடு நிறுத்தாமல், இண்டர்நெட் ஆர்கைவின் வேபேக் மெஷினில் அந்த முகவரியைக் கொடுத்துச் சேமித்துவிடுங்கள். ஒரு நிமிட வேலை. ஊர் வரலாறு தேடுகிறவர்களிடம் இதை நான் கெஞ்சியே கேட்பேன்.

சரி, எதைப் போடுவது?

புக்மார்க்கை நம்பி வேலை செய்கிறவர்கள், இரண்டு கணக்கு வைத்திருக்கும் ஆசிரியர்கள், மூன்று மொழியில் தேடுகிறவர்கள் இவர்களுக்கு என் பதில் ஃபயர்பாக்ஸ். செங்குத்து டேப்பும் குழுவும் இப்போது அதிலேயே இருப்பதால் முன்போல் நீட்சிகளைக் கட்டி மாரடிக்க வேண்டியதில்லை. அதன் ஒத்திசைவு உங்கள் கடவுச்சொல்லால் பூட்டப்பட்டுத்தான் போகிறது, மொஸில்லாவாலேயே படிக்க முடியாது. ஒரே நேரத்தில் நான்கைந்து வேலைகளை ஓட்டுகிறவர்கள், கணக்கு எழுதுகிறவர்கள், பத்திரிகைக்கு எழுதுகிறவர்கள் விவால்டியைப் பார்க்கலாம். அமைப்புகள் மிக அதிகம், முதல் வாரம் திணறும், நினைவகமும் தாராளமாக வேண்டும். புதிதாக எதையும் போட அனுமதி இல்லாத அலுவலகக் கணினி என்றால் எட்ஜே போதும். குரோமை விட முடியாதவர்கள் விட வேண்டாம், டேப் தேடலையும் பெயர் மாற்றுவதையும் பழகிக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

கைப்பேசி மட்டும் வைத்திருக்கும் பிள்ளைகள் தோட்டப்புறத்தில் நிறைய. ஆண்ட்ராய்டு குரோமில் டேப் எண்ணிக்கை 99-ஐத் தாண்டினால் எண்ணுக்குப் பதில் ஒரு சிரிப்புக் குறி வந்துவிடும், எத்தனை என்றே தெரியாது. கைப்பேசியில் டேப்பை அடுக்கி வைப்பதைவிட, வேண்டியதை அப்போதே புக்மார்க் செய்வதோ, ஒரே உலாவியைக் கணினியிலும் போட்டு அங்கே அனுப்பிவிடுவதோ மேல்.

மாறுவதாக முடிவு செய்தால் அவசரப்பட வேண்டாம். முதலில் பழைய உலாவியிலிருந்து புக்மார்க்கை ஏற்றுமதி செய்து, கோப்பின் பெயரில் தேதி போட்டு, பென்டிரைவில் ஒரு பிரதி வையுங்கள். கடவுச்சொற்கள் அந்தக் கோப்பில் வராது, அவற்றைத் தனியாக மாற்ற வேண்டும். புது உலாவியில் கோப்பை இறக்குமதி செய்தபின், திறந்திருக்கும் டேப்களில் இந்த வாரம் வேண்டியவற்றை மட்டும் அங்கே திறவுங்கள். இரண்டு வாரம் பழைய உலாவி அப்படியே இருக்கட்டும், ஆனால் புதிதாகச் சேர்ப்பதையெல்லாம் புதியதில் மட்டும் சேருங்கள். இரண்டிலும் மாறி மாறிச் சேர்த்துவிட்டு மறுபடி இறக்குமதி செய்தால், ஒவ்வொன்றும் இரண்டு இரண்டாக வந்து நிற்கும், அதைக் கையால் களைய ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்விடும்.